இரவல் சாவிகள்

2020 டிசம்பர் 15-ம் தேதி க்ரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்துக்கு மைக்ரோசாஃப்ட்டிலிருந்து ஒரு தகவல் வந்தது. க்ரவுட்ஸ்ட்ரைக் யாரென்றால், மற்ற கம்பெனிகளுக்குள் ஹேக்கர்கள் புகுந்துவிட்டால் துப்பறிந்து சொல்கிற கம்பெனி. இந்த முறை விஷயம் அவர்களைப் பற்றியே. சில மாதங்களுக்கு முன்னால், 17 மணி நேரத்துக்கு, யாரோ மைக்ரோசாஃப்ட்டின் ஏபிஐ-களை வழக்கத்துக்கு மாறாக அழைத்திருக்கிறார்கள். க்ரவுட்ஸ்ட்ரைக்கின் மின்னஞ்சல்களைப் படிக்கவும் முயற்சி நடந்திருக்கிறது. அது பலிக்கவில்லை. அவர்கள் ஆஃபீஸ் 365 மெயிலைப் பயன்படுத்துவதே இல்லை.

வந்தவர்கள் எந்த வாசல் வழியாக வந்தார்கள் என்பதுதான் இதில் முக்கியம். க்ரவுட்ஸ்ட்ரைக் ஊழியர் எவருடைய கணக்கும் திருடுபோகவில்லை. அவர்களுடைய ஆஃபீஸ் லைசென்ஸ்களை நிர்வகித்த ரீசெல்லரின் கணக்கு வழியாக அந்த முயற்சி நடந்திருந்தது.

அந்த வாரங்களில் உலகமே சோலார்விண்ட்ஸ் ஊடுருவலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. பெரிய செய்தியின் அடியில் இந்தச் சின்னச் செய்தி அமுங்கிப்போய்விட்டது. எனக்கு மட்டும் அது முள் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது, ஏனென்றால் நான் அப்போது சென்னையில் ஒரு சின்ன ரீசெல்லர் கம்பெனியில்தான் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். லைசென்ஸ் விற்பது, புதுப்பிப்பது, பாஸ்வேர்டு மறந்தவர்களுக்கு மாற்றிக் கொடுப்பது. இதுதான் எங்கள் பிழைப்பு. மளிகைக் கடைக்காரர் அரிசி மூட்டையை இறக்கி வைத்துவிட்டுப் போகிறார். அவர் கையில் பீரோ சாவி இருக்குமா? லைசென்ஸ் விற்றவர் கையில் மட்டும் எப்படி வந்தது? அந்தச் சாவி கைமாறிய கதையும், அதைத் திரும்ப வாங்க நடந்த பாடும்தான் இந்தக் கட்டுரை.

அட்டைப்பெட்டிக் காலம்

மென்பொருள் ஒரு காலத்தில் கையில் தூக்கிப்போகிற சரக்காக இருந்தது. 1979-ல் கலிபோர்னியாவில் மைக்ரோ டி என்ற பெயரில் ஆரம்பித்த மொத்த விநியோக நிறுவனம்தான் பின்னாளில் இங்ரம் மைக்ரோவாக வளர்ந்து உலகம் முழுக்கக் கிளை பரப்பியது. 1984-ல் வாஷிங்டன் மாநிலத்தில் எக்ஹெட் சாஃப்ட்வேர் என்றொரு கடை ஆரம்பித்தது. அலமாரி அலமாரியாக சாஃப்ட்வேர் பெட்டிகளை அடுக்கி வைத்து விற்றார்கள். சென்னைக்காரர்களுக்கு ரிச்சி தெருவைச் சொன்னாலே போதும், படம் தெளிவாகிவிடும்.

அந்த வியாபாரத்தின் அழகு அதன் எல்லையில் இருந்தது. பெட்டிக்குள் ஒரு டிஸ்க், ஒரு புத்தகம், ப்ராடக்ட் கீ அச்சடித்த ஒரு ஸ்டிக்கர். பில் போட்டு, காசு வாங்கி, பெட்டியைக் கொடுத்துவிட்டால் முடிந்தது. அதற்கப்புறம் கடைக்காரர் உங்கள் கம்ப்யூட்டரைத் தொட வேண்டுமென்றால் பஸ் பிடித்து உங்கள் ஆபீஸுக்கு வரணும். வாட்ச்மேன் நீட்டுகிற நோட்டில் பெயரும் நேரமும் எழுதணும். நீங்கள் பக்கத்தில் நிற்கும்போது நாற்காலியில் உட்கார்ந்து வேலையை முடித்துவிட்டு, நோட்டில் வெளியேறிய நேரத்தையும் எழுதிவிட்டுப் போகணும்.

அந்த நோட்டை அன்றைக்கு யாரும் பாதுகாப்பு ஏற்பாடாக மதித்திருக்க மாட்டார்கள். ஆனால் அதில் எல்லாமே இருந்தது. வந்தது யார், எதற்காக, எத்தனை மணிக்கு, திரும்பிப் போனாரா இல்லையா. இந்த நான்கு கேள்விகளையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து வந்த காலம் தொலைத்தது இவற்றைத்தான்.

சாவி கைமாறியது

2011 ஜூன் 28-ம் தேதி ஆஃபீஸ் 365 அறிமுகமானது. பெட்டி மறைந்து சந்தா வந்தது. மெயில், ஃபைல், கணக்குப்புத்தகம் எல்லாம் வாடிக்கையாளரின் அறையிலிருந்து கிளம்பி எங்கோ ஒரு டேட்டா சென்டருக்குப் போயின. 2014-ல் மைக்ரோசாஃப்ட் ஒரு திட்டத்தை அறிவித்தது. பெயர் க்ளவுட் சொல்யூஷன் ப்ரொவைடர், சுருக்கமாக சிஎஸ்பி. வாடிக்கையாளரோடு நேரடி உறவு ரீசெல்லருக்குத்தான். பில் அவர் போடுவார், சந்தேகம் என்றால் அவரைத்தான் கூப்பிடணும்.

சப்போர்ட் கொடுக்க வேண்டியவருக்கு உள்ளே நுழைய வழி வேணுமே? அதற்குத்தான் ஒப்படைக்கப்பட்ட நிர்வாக உரிமை. ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து டாப் என்று சொல்வோம். வாடிக்கையாளர் ஒரு லிங்க்கைத் திறந்து ஒரு தடவை சம்மதம் கொடுத்தால் போதும். ரீசெல்லர் கம்பெனியில் அட்மின் ஏஜென்ட் என்ற குழுவில் இருக்கும் அத்தனை பேருக்கும் அந்த வாடிக்கையாளரின் குளோபல் அட்மின் அதிகாரம் வந்துவிடும். ஒரு நிறுவனத்தின் மைக்ரோசாஃப்ட் உலகில் அதற்கு மேல் அதிகாரம் கிடையாது. யாருடைய பாஸ்வேர்டையும் மாற்றலாம், புதிதாக ஆளைச் சேர்க்கலாம், இருக்கிற ஆளை நீக்கலாம். இதற்கு முடிவுத் தேதி என்று ஒன்றும் கிடையாது.

கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். ஒரு ரீசெல்லருக்கு 200 வாடிக்கையாளர்கள். அட்மின் ஏஜென்ட் குழுவில் 10 பேர். அந்தப் பத்துப் பேரில் எவர் வேண்டுமானாலும் 200 நிறுவனங்களின் உச்ச அதிகாரி. போன வாரம் வேலைக்குச் சேர்ந்த பையனும் அதில் அடக்கம்.

இதோடு ஏபிஐ-யும் சேர்ந்தது. ஏபிஐ என்பது ஒரு புரோகிராம் இன்னொரு புரோகிராமிடம் வேலை சொல்கிற ஜன்னல். பேங்க் கவுண்டரில் நாம் சலானை நீட்டுகிறோமே, அதே மாதிரி. சலானில் எழுதியது சரியாக இருந்தால் உள்ளே இருப்பவர் காரியத்தை முடித்துக் கொடுப்பார். 200 வாடிக்கையாளர்களுக்கு மாசம் பிறந்தால் எத்தனை லைசென்ஸ், யார் கூட்டினார்கள், யார் குறைத்தார்கள் என்று ஒவ்வொருவர் பக்கத்தையும் திறந்து பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ராத்திரி 2 மணிக்கு ஒரு ஸ்க்ரிப்ட் தானாக ஓடும், ஏபிஐ-யிடம் கணக்கைக் கேட்டு வாங்கி பில்லிங் சாஃப்ட்வேரில் ஏற்றிவிடும். அந்த ஸ்க்ரிப்ட்டுக்கு ஒரு யூசர்நேமும் பாஸ்வேர்டும் வேணும். பல இடங்களில் அது ஸ்க்ரிப்ட்டுக்குள்ளேயே வெறும் எழுத்தாக எழுதப்பட்டிருக்கும். தொழிலில் இருந்தவர்களுக்கு இதெல்லாம் ஊரறிந்த சங்கதி.

வாட்ச்மேன் நோட்டு போயே போய்விட்டது. பல வாடிக்கையாளர்களுக்கு இப்படி ஒரு சாவியைக் கொடுத்த ஞாபகமே இல்லை.

சுற்றுவழி

வலுவான கோட்டையைத் தாக்குவதைவிடக் கோட்டைக்குப் பால் ஊற்றுகிறவரின் வேஷத்தில் நுழைவது சுலபம். பழைய தந்திரம்தான். 2013 கடைசியில் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் 4 கோடி கார்டு விவரங்கள் திருடுபோயின. திருடர்கள் முதலில் பிடித்தது டார்கெட்டுக்குக் குளிர்சாதன வேலை பார்த்துக் கொடுத்த ஒரு கான்ட்ராக்டரின் பாஸ்வேர்டை.

ஒரு கான்ட்ராக்டரைப் பிடித்தால் ஒரு கடைக்குள் போகலாம். ஐடி சேவை தருபவரைப் பிடித்தால்? 2017 ஏப்ரலில் பிடபிள்யூசி-யும் பிஏஇ சிஸ்டம்ஸும் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டன. ஏபிடி 10 என்று அழைக்கப்பட்ட சீனக் குழு ஒன்று, நிறுவனங்களின் கம்ப்யூட்டர்களை வெளியிலிருந்து பராமரித்துத் தரும் கம்பெனிகளைக் குறிவைத்து, அவர்கள் வழியாக வாடிக்கையாளர்களுக்குள் நுழைகிறது என்றது அந்த அறிக்கை. இந்த வேலைக்கு அவர்கள் வைத்த பெயர் க்ளவுட் ஹாப்பர். 2018 டிசம்பரில் அமெரிக்க நீதித்துறை அந்தக் குழுவைச் சேர்ந்த இருவர்மேல் குற்றம்சாட்டியபோது, குறைந்தது 12 நாடுகளில் வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டதாகச் சொன்னது. அந்தப் பட்டியலில் இந்தியாவும் உண்டு.

அடுத்த வருஷம் அடிகள் நெருங்கி விழுந்தன. 2019 ஏப்ரலில் தன் ஊழியர்கள் சிலரின் கணக்குகள் பிஷிங் வலையில் சிக்கியதை விப்ரோ உறுதிசெய்தது. அதன் வழியாக வாடிக்கையாளர்கள் குறிவைக்கப்பட்டதாகப் பத்திரிகையாளர் பிரையன் க்ரெப்ஸ் எழுதியிருந்தார். அதே வருஷம் ஜூன் கடைசியில் அவரே இன்னொரு செய்தி வெளியிட்டார். கலிபோர்னியாவின் பிசிஎம் என்ற ரீசெல்லர் நிறுவனத்துக்குள் புகுந்தவர்கள், ஆஃபீஸ் 365-ல் வாடிக்கையாளர் கணக்குகளை நிர்வகிக்கும் பாஸ்வேர்டுகளை எடுத்துவிட்டார்கள் என்று. நான் மேலே போட்ட 200 பெருக்கல் கணக்கை அவர்களும் போட்டிருந்தார்கள்.

ஆகஸ்ட் 1

2019 ஆகஸ்ட் 1 முதல் மைக்ரோசாஃப்ட்டின் புதிய நிபந்தனைகள் அமலுக்கு வந்தன. சிஎஸ்பி திட்டத்தில் உள்ள ரீசெல்லர் கம்பெனியின் ஒவ்வொரு கணக்குக்கும் இரண்டாவது அடையாளச் சோதனை கட்டாயம். பாஸ்வேர்டு போட்டால் மட்டும் போதாது, போனுக்கு வரும் எண்ணையோ ஆப்பில் வரும் கேள்வியையோ கடந்தாகணும். கணக்குத் திருட்டு முயற்சிகளில் 99.9 சதவீதத்துக்கும் மேல் இந்த ஒரு காரியத்தால் தடுத்துவிடலாம் என்று அந்த நாட்களில் மைக்ரோசாஃப்ட் சொல்லிக்கொண்டிருந்தது.

கேட்கும்போது எவ்வளவு சுலபம்! நாமெல்லாம் நாள்தோறும் ஓடிபி போட்டுப் பழகியவர்கள்தானே. ஆனால் ராத்திரி 2 மணிக்கு ஓடும் ஸ்க்ரிப்ட்டுக்குப் போன் கிடையாது. அது ஓடிபி வந்ததா என்று பார்க்காது, பார்க்கத் தெரியாது. நிபந்தனையை அப்படியே அமல்படுத்தினால் அடுத்த நாள் காலையில் பில்லிங் நின்றிருக்கும்.

இதற்கு விடையாக முன்வைக்கப்பட்டதுதான் பாதுகாப்பான செயலி மாதிரி என்கிற முறை. அதன் அடிப்படையைப் புரிந்துகொள்ள இன்னும் கொஞ்சம் பின்னால் போகணும். 2006, 2007 வாக்கில் புதிதாக வந்த எந்த இணையதளத்தில் சேர்ந்தாலும் "உங்கள் ஜிமெயில் பாஸ்வேர்டைக் கொடுங்கள், உங்கள் நண்பர்களைத் தேடித் தருகிறோம்" என்று கேட்பார்கள். ஜனங்களும் கொடுத்தார்கள். அந்தக் கூத்தை நிறுத்துவதற்காகப் பல கம்பெனிகளைச் சேர்ந்த புரோகிராமர்கள் கூடி 2007-ல் உருவாக்கியது ஓஆத். 2012 அக்டோபரில் அதன் இரண்டாம் பதிப்பு வந்தது. அந்த யோசனையை விளக்க அன்றைக்குச் சொல்லப்பட்ட உதாரணம் ரொம்பப் பொருத்தமானது. விலை உயர்ந்த சில கார்களோடு தனியாக ஒரு சாவி வரும். ஓட்டலில் காரை நிறுத்தும் பையனிடம் அதைக் கொடுக்கலாம். வண்டி ஓடும், டிக்கி திறக்காது.

ரீசெல்லருக்கான முறையும் இந்த வம்சம்தான். பொறுப்பான ஒரு மனுஷன் ஒரே ஒரு தடவை நேரில் வந்து, இரண்டாவது சோதனையையும் கடந்து, "இந்தப் புரோகிராம் என் சார்பில் இந்த வேலைகளைச் செய்யலாம்" என்று சம்மதம் கொடுக்கணும். பதிலுக்கு ஒரு டோக்கன் வரும். புரோகிராம் அதைப் பூட்டிய பெட்டகத்தில் வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது அதைக் காட்டி, சீக்கிரம் காலாவதியாகும் சின்ன டோக்கன்களை வாங்கிக்கொள்ளும். 90 நாள் தொடாமல் விட்டால் பெரிய டோக்கனும் செத்துவிடும். மறுபடி அந்த மனுஷன் வந்து நிற்கணும். பாஸ்வேர்டு எங்கேயும் எழுதப்படவில்லை.

ஒரு வரியில் சொல்லிவிட்டேன். நடைமுறையில் இது எத்தனை தலைவலி என்பது சின்னக் கம்பெனிகளில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். முதல் பிரச்சினை, பொதுக் கணக்கு. ஐந்து பேர் சேர்ந்து ஒரே அட்மின் கணக்கைப் பயன்படுத்துவது பரவலான பழக்கம். ஓடிபி யாருடைய போனுக்குப் போகணும்? அந்தப் போன்காரர் லீவில் ஊருக்குப் போய்விட்டால்? இரண்டாவது பிரச்சினை, ஸ்க்ரிப்ட்டை எழுதியவர். அவர் மூன்று வருஷத்துக்கு முன்னாலேயே வேறு கம்பெனிக்குப் போயிருப்பார். எழுதியது ஓடிக்கொண்டிருந்ததால் அதை யாரும் திறந்தே பார்த்ததில்லை. மூன்றாவது, சம்மதம் கொடுக்கிற அந்தப் பொறுப்பான மனுஷன் யார்? நிபந்தனையின் பாஷையில் அது ஒரு கணக்கு. கம்பெனியில் அது ஒரு ஆள், அவருக்கு ஒரு பெயர் உண்டு, நாளைக்கு ஏதாவது ஆனால் அவரைத்தான் கேட்பார்கள். எங்கள் கம்பெனியில் தொழில்நுட்ப வேலை இரண்டு நாளில் முடிந்தது. யார் பெயரில் சம்மதம் கொடுப்பது என்ற பேச்சு இரண்டு வாரம் ஓடியது.

609 பேர், 22,868 தடவை

கதவில் இரண்டாவது பூட்டு வந்தது. ஆனால் கதவுக்குப் பின்னால் இருந்த அதிகாரத்தின் அளவு குறையவில்லை. உள்ளே நுழைந்துவிட்ட ரீசெல்லர் இன்னமும் குளோபல் அட்மின்தான். க்ரவுட்ஸ்ட்ரைக்குக்கு டிசம்பரில் தகவல் வந்தது இந்தச் சூழலில்தான். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவர்கள் ஓர் இலவசக் கருவியை வெளியிட்டார்கள். தங்கள் ரீசெல்லரிடம் என்னென்ன அதிகாரம் இருக்கிறது என்பதை வாடிக்கையாளரே கண்டுபிடிப்பது அநியாயத்துக்குக் கஷ்டமாக இருக்கிறது என்பது அவர்களுடைய புகார். துப்பறியும் தொழிலில் இருப்பவர்களே அப்படிச் சொன்னால் மற்றவர்கள் நிலைமையை யோசித்துக்கொள்ளுங்கள்.

2021 ஜூலை 2-ம் தேதி, அமெரிக்கச் சுதந்திர தின விடுமுறைக்கு முன்பு, கசேயா தாக்குதல் நடந்தது. கசேயாவின் விஎஸ்ஏ என்பது பராமரிப்புக் கம்பெனிகள் வாடிக்கையாளர்களின் கம்ப்யூட்டர்களைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொள்ளப் பயன்படுத்தும் மென்பொருள். அதில் இருந்த ஓட்டை வழியாக ஆர்ஈவில் என்ற கும்பல் புகுந்தது. நேரடியாகச் சிக்கிய கசேயா வாடிக்கையாளர்கள் 60-க்கும் குறைவு. அவர்களுக்குக் கீழே பாதிக்கப்பட்ட நிறுவனங்கள் 1,500 வரை. ஸ்வீடனில் கூப் என்ற கூட்டுறவுக் கடைத்தொடர் ஏறக்குறைய 800 கடைகளை மூடியது, ஏனென்றால் பில் போடும் இயந்திரம் வேலை செய்யவில்லை. கூப் கடைக்குப் பால் பாக்கெட் வாங்க வந்தவருக்குக் கசேயா என்ற பெயர் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. கடைக்கும் கசேயாவுக்கும் நேரடித் தொடர்புகூடக் கிடையாது. பில் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டவர் வழியாக வந்த வினை அது. அந்த ஓட்டையைப் பற்றி நெதர்லாந்து ஆய்வாளர்கள் ஏப்ரலிலேயே கசேயாவுக்குச் சொல்லியிருந்தார்கள். திருத்தும் வேலை முடிவதற்குள் கும்பல் முந்திக்கொண்டது.

அதே வருஷம் அக்டோபர் 24-ம் தேதி மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட எண்கள் இன்னும் கலங்கடித்தன. சோலார்விண்ட்ஸ் ஊடுருவலைச் செய்த ரஷ்யக் குழுவை அவர்கள் நொபீலியம் என்று அழைத்தார்கள். அந்தக் குழு இப்போது ரீசெல்லர்களைக் குறிவைக்கிறது. மே மாதத்திலிருந்து 140-க்கும் மேற்பட்ட ரீசெல்லர்களுக்கும் சேவை நிறுவனங்களுக்கும் எச்சரிக்கை அனுப்பியிருக்கிறோம், அவர்களில் 14 பேர் வரை ஊடுருவப்பட்டிருக்கலாம் என்றது மைக்ரோசாஃப்ட். ஜூலை 1 முதல் அக்டோபர் 19 வரை 609 வாடிக்கையாளர்கள்மேல் 22,868 முயற்சிகள். அதிசயத் தொழில்நுட்பம் ஏதுமில்லை. பிஷிங் மெயில், சுலபமான பாஸ்வேர்டுகளை வரிசையாகப் போட்டுப் பார்ப்பது, அவ்வளவுதான்.

இதற்குப் பிறகுதான் சாவியையே மாற்றும் வேலை ஆரம்பமானது. டாப் இருந்த இடத்தில் ஜிடாப் வந்தது. முன்னால் சேர்ந்த எழுத்துக்குப் பொருள், பிரித்துப் பிரித்துக் கொடுப்பது. பாஸ்வேர்டு மாற்றும் வேலைக்கு அந்த அளவு அதிகாரம், லைசென்ஸ் ஒதுக்கும் வேலைக்கு அந்த அளவு. ரீசெல்லர் கம்பெனியிலும் எல்லாருக்கும் எல்லாம் கிடையாது, எந்தக் குழுவுக்கு எந்த வேலை என்று பிரிக்கணும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, காலக்கெடு. எந்த உறவும் அதிகபட்சம் 730 நாள். அதற்குப் பிறகு மறுபடி கேட்டு வாங்கணும் என்றுதான் ஆரம்பத்தில் இருந்தது. வாட்ச்மேன் நோட்டில் இருந்த நான்கு கேள்விகளும் திரும்பி வந்துவிட்டன.

இதில் ரீசெல்லரின் பாடு என்ன? ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் புது லிங்க் அனுப்பி, அவரைத் திறக்க வைத்து, சம்மதம் வாங்கணும். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனம் எங்கள் வாடிக்கையாளர். அங்கே கணக்கு பார்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் போனில் அரை மணி நேரம் விளக்கினேன். எல்லாம் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "ஏந் தம்பி, இத்தன வருசமா எங்க மெயிலெல்லாம் நீங்கதான பாத்துட்டு இருந்தீங்க? இப்ப புதுசா எதுக்குப் பர்மிசன் கேக்கறீங்க?"

"ஐயா, இனிமே ஒரு அளவோடதான் பார்க்க முடியும். அதுக்குத்தான்."

"அப்ப இதுவரைக்கும் அளவில்லாம பாத்தீங்களா?"

இல்லை, நாங்கள் பார்க்கவில்லை. பார்த்திருக்க முடியும் என்பது மட்டும் நிஜம். இந்த வித்தியாசத்தை அவருக்கு விளக்க இன்னொரு அரை மணி நேரம் ஆனது. எத்தனையோ பாதுகாப்புப் பயிற்சி வீடியோக்கள் பார்த்திருக்கிறேன். அவர் கேட்டது மாதிரி நேராக விஷயத்தைத் தொட்ட கேள்வியை எந்த வீடியோவிலும் கேட்டதில்லை.

தள்ளிப்போகும் தேதிகள்

இந்த வரலாற்றில் இன்னொரு பாத்திரம் இருக்கிறது. அதன் பெயர் கடைசித் தேதி.

டிஎல்எஸ் 1.0 என்ற மறைகுறி நெறிமுறை 1999-ல் பிறந்தது. 2008-ல் 1.2 வந்துவிட்டது. கார்டு பரிவர்த்தனை செய்பவர்கள் பழையதைக் கைவிட வேண்டிய நாள் 2016 ஜூன் 30 என்றது அத்துறையின் பாதுகாப்புக் கழகம். அந்த நாள் வருவதற்குள்ளேயே அது 2018 ஜூன் 30 ஆனது. எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் வெறும் பாஸ்வேர்டு மட்டும் அனுப்பி நுழையும் பழைய வழியை 2020 அக்டோபர் 13 அன்று மூடுவதாக 2019-ல் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. கொரோனா வந்தது, 2021 இரண்டாம் பாதிக்குப் போனது. கடைசியில் 2022 அக்டோபர் 1-ல்தான் பெரிய அளவில் மூடத் தொடங்கினார்கள். ஆஸூர் ஏடி கிராஃப் என்ற பழைய ஏபிஐ-க்கு ஆதரவு 2022 ஜூன் 30-ல் முடியும் என்றார்கள். அதற்கப்புறம் அதன் இறுதிச் சடங்கு பலமுறை ஒத்திவைக்கப்பட்டது.

தள்ளிப்போடுவதில் கருணை இருக்கிறது. பெருந்தொற்றுக் காலத்தில் ஆஸ்பத்திரியின் மெயிலை நிறுத்த யாருக்கும் மனசு வராது. ஆனால் ஒவ்வொரு ஒத்திவைப்பும் ஒரு பாடத்தையும் சொல்லிக் கொடுத்தது. "பதறாதே, எப்படியும் தள்ளிப்போகும்" என்பது தொழிலில் ஒரு பழமொழியாகவே ஆகிவிட்டது. முதல் தேதிக்கே ராத்திரி பகலாக உழைத்துத் தயாரானவர் ஏமாளி மாதிரி நின்றார். சும்மா இருந்தவர் சாமர்த்தியசாலி ஆனார். அப்புறம் ஒரு நாள் தேதி தள்ளிப்போகவில்லை.

சின்னவர்கள்மேல் விழும் பாரத்தையும் சொல்லாமல் விட முடியாது. முடிவுத் தேதி இல்லாத குளோபல் அட்மின் சாவியை வடிவமைத்தது ரீசெல்லர்கள் இல்லை. வியாபாரம் வேகமாகப் பரவட்டும் என்று மைக்ரோசாஃப்ட் கொடுத்தது அது. அதைத் திரும்ப வாங்கும் வேலை மட்டும் நான்கைந்து பேர் வேலை பார்க்கும் கடைகளின் தலையில் விழுந்தது. 2022-ல் ஜிடாப் வந்த அதே மாதங்களில் சந்தா விற்கும் முறையும் விலைக்கட்டமைப்பும் மாறின. இந்தியாவில் அதே ஏப்ரல் 28-ம் தேதி செர்ட்-இன் ஓர் உத்தரவு போட்டது. சைபர் சம்பவத்தை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கணும், பதிவுகளை 180 நாள் வைத்திருக்கணும். சிறு, குறு நிறுவனங்களுக்குச் செப்டம்பர் 25 வரை அவகாசம் கொடுத்தார்கள். பெரிய கம்பெனிகளில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு குழு இருக்கும். சின்னக் கடையில் அத்தனையும் ஒரே ஆளின் மேஜைக்கு வரும். மதியம் பிரிண்டர் ரிப்பேருக்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

இந்தப் புலம்பல் நியாயமானது என்றே நினைக்கிறேன். ஆனால் அதை மட்டும் பிடித்துக்கொண்டு இருந்தால் முக்கியமான ஒன்று கண்ணில் படாமல் போய்விடும். அளவில்லாத அதிகாரம் ரீசெல்லருக்கும் ஆபத்துதான். 200 நிறுவனங்களின் சாவி உங்கள் மேஜையில் இருக்கும்வரை, அந்த 200 பேரின் எதிரிகளும் உங்கள் எதிரிகள். ஒரு ராணுவத் தளவாட நிறுவனத்தை உளவு பார்க்க நினைக்கும் வெளிநாட்டு உளவுத்துறைக்கு நீங்கள் வழியில் இருக்கும் ஒரு படி. உங்கள் மாத வருமானம் எவ்வளவு என்றெல்லாம் அவர்கள் விசாரிக்கப் போவதில்லை.

தயாராவது என்றால்

ஏபிஐ மாறப்போகிறது, தயாராகுங்கள் என்று மெயில் வந்தால் எல்லாரும் முதலில் புரோகிராமரைத்தான் தேடுவோம். என் அனுபவத்தில் முதலில் தேவைப்படுவது ஒரு நோட்டுப்புத்தகம். நம்மிடம் யார் யாருடைய சாவி இருக்கிறது? அதில் எத்தனை பேர் இன்னும் நம் வாடிக்கையாளர்? எந்த ஸ்க்ரிப்ட் யார் பெயரில் ஓடுகிறது, அந்த ஆள் இப்போது எங்கே? கடைசியாக எந்தச் சாவியை எப்போது பயன்படுத்தினோம்? இந்தப் பட்டியல் கையில் இருந்தால் கோடு மாற்றுவது சில நாள் வேலை. பட்டியல் இல்லாத கம்பெனி எவ்வளவு கெட்டிக்காரப் புரோகிராமரை வைத்திருந்தாலும் கடைசி ராத்திரியில் திணறும்.

நாங்கள் அந்தப் பட்டியலைப் போட்டபோது, வருஷக்கணக்கில் ஒரு ரூபாய்க்குக்கூட வியாபாரம் இல்லாத பல நிறுவனங்களின் உச்ச அதிகாரம் எங்களிடம் அப்படியே கிடந்தது. ஒன்று மூடப்பட்ட கம்பெனி. இன்னொன்று வேறு ரீசெல்லரிடம் போய்விட்டது. யாரும் எங்களிடம் திருப்பிக் கேட்கவில்லை, எங்களுக்கும் திருப்பிக் கொடுக்கணும் என்று தோன்றியதில்லை. டாப் என்ற ஏற்பாட்டில் திருப்பிக் கொடுப்பது என்ற எண்ணத்துக்கே இடமில்லாமல் இருந்தது.

நம் ஊரில் வெளியூர் போகும்போது பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துவிட்டுப் போகிற வழக்கம் உண்டு. அந்த நம்பிக்கை எதில் நிற்கிறது என்று யோசித்துப் பார்த்தால், ஊரிலிருந்து திரும்பியதும் நாம் கேட்காமலே அவர்கள் சாவியைக் கொண்டுவந்து தருவார்கள் என்பதில் நிற்கிறது. 2019-லிருந்து வந்த இந்த நிபந்தனைகள், டோக்கன்கள், 730 நாள் கெடுக்கள் எல்லாம் அந்த எளிய மரியாதையை இயந்திரங்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முயற்சிகள்தான். இயந்திரத்துக்குக் கெடு வைத்துவிடலாம். மனுஷர்கள்தான் தேதி வருவதற்கு முன்னாலேயே திருப்பிக் கொடுக்க முடியும்.

அந்தப் பட்டியலில் வேண்டாத சாவிகளை ஒவ்வொன்றாக நீக்க எங்களுக்கு ஒரு மதியம் போதுமானதாக இருந்தது. எந்த வாடிக்கையாளரும் போன் செய்து என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. எவருடைய வேலையும் நிற்கவில்லை.